லில்லிக்குட்டி பிடுங்கிய பிளக்

ஜூன் 3, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கும் போகவில்லை. என் மனைவி லில்லிக்குட்டி விடிந்ததும் புடவை மாற்றிக்கொண்டு குடையோடு நின்றாள். வயிறு சரியில்லை என்றேன்.

"போன தடவ இடுப்பு, இந்தத் தடவ வயிறு. அடுத்ததுக்கு என்ன வச்சிருக்கீங்க இச்சாயா?"

வயிற்றுக்கு ஒரு கேடும் இல்லை, அது அவளுக்கும் தெரியும். கோட்டயம் போக வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். வாகமண்ணிலிருந்து கோட்டயத்துக்கு 'நித்தியமாதா' பஸ்ஸை இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவன் நான். தீக்கோய் வளைவுகளில் என் ஹாரன் கேட்டே பால் கறந்தவர்கள் உண்டு. போன மழைக்காலத்தில் ஒரு மரக்கிளை பஸ்ஸின் முன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து வலது கண்ணைக் கொண்டுபோயிற்று. ஒற்றைக்கண்ணனுக்கு ஹெவி லைசென்ஸ் கிடையாது. அதற்காக அதே பஸ்ஸில் டிக்கெட் எடுத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவா? ஊரே பார்க்க?

மிச்சமிருக்கும் கண்ணை மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டச் சொன்னார் டாக்டர். ஒரு தடவைகூடக் காட்டவில்லை. பயமில்லை என்று எழுதினால் பொய்.

ஜூன் 14, சனி

மகள் டிந்து ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறாள். பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது வாங்கிக்கொடுத்த கம்ப்யூட்டர் இங்கேதான் துணி போர்த்திக் கிடந்தது. அதைத் துடைத்து, பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டாள். "பப்பா, வந்து பாருங்க. நம்ம ரோட்டையே யாரோ செஞ்சு வச்சிருக்கான்."

சின்னப் பிள்ளை விளையாட்டு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு ஓரக்கண்ணால் பார்த்தேன். இருப்பதே ஒரு கண்தான். ரப்பர் தோட்டம், சாயாக்கடை, சிலுவை நட்ட குருசடி, எல்லாம் அப்படியே இருந்தது. உட்கார்ந்தேன்.

கண்றாவி. கீ போர்டில் எவனாவது பஸ் ஓட்டுவானா? அதுவும் போகட்டும். படம் விக்கி விக்கி ஓடுகிறது. வளைவு வந்ததும் உறைந்து நின்றுவிட்டது. திரும்ப அசைந்தபோது நான் ஐம்பது பயணிகளோடு பள்ளத்தில் இருந்தேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். லில்லிக்குட்டி அடுக்களையிலிருந்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சில் குர்பானா பூசை முடிந்து வந்து மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி பள்ளம்.

ஆனால் ஒன்று கவனித்தேன். ரோட்டில் எனக்கு எதிர் வண்டியின் தூரம் பிடிபடுவதில்லை, ஒற்றைக் கண்ணின் கோளாறு. திரையில் அந்தத் தொல்லை இல்லை. தட்டையான படத்துக்கு முன்னால் இரண்டு கண் உள்ளவனுக்கும் ஒரு கண் உள்ளவனுக்கும் வித்தியாசம் கிடையாது. இதை டிந்துவிடம் சொன்னேன். "அப்ப மெஷினைச் சரி பண்ணிருவோம் பப்பா" என்றாள். "ஒண்ணொண்ணா மாத்தலாம். மொத்தமா நம்மால முடியாது."

ஜூலை 12, சனி

முதல் உறுப்பு வந்தது. சுழல்கிற பழைய டிஸ்க்குக்குப் பதிலாகச் சுழலாத ஒன்று, பெயர் எஸ்.எஸ்.டி., தீப்பெட்டி கனம்கூட இல்லை. முன்பு ஸ்விட்ச் போட்டால் ஒரு கட்டன் சாயா குடித்து முடிக்கலாம். இப்போது கிளாஸைக் கையில் எடுப்பதற்குள் திறந்துவிடுகிறது.

விக்கல் நிற்கவில்லை. அது வேறு உறுப்பின் வேலையாம்.

ஜூலை 27, ஞாயிறு

ரேம் இரட்டிப்பாயிற்று. டிந்து ட்யூஷன் எடுத்த காசு. வேண்டாம் என்றால் கேட்கிறாளா? பொருத்தும்போது டார்ச் பிடிக்கிற வேலை எனக்கு. "பப்பா, வெளிச்சம் என் மூஞ்சில இல்ல, போர்டுல." கிளீனராகச் சேர்ந்த நாளில்கூட இவ்வளவு திட்டு வாங்கியதில்லை. ஆனால் சந்தோஷமாக இருந்தது.

இப்போது தீக்கோய் வரை விக்காமல் போகிறேன். ஈராற்றுப்பேட்டை டவுனில் கூட்டத்தைக் கண்டதும் நின்றுவிடுகிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதாவின் திருநாள். டிந்துவோடு படித்த ஒருத்தன் கனடா போகிறான். அவனுடைய கிராபிக்ஸ் கார்டும், ஸ்டியரிங்கும் மிதிகளும் அடங்கிய செட்டும் நம் வீட்டுக்கு வந்துவிட்டன. கார்டு தின்கிற கரண்டுக்குப் பழைய பவர் சப்ளை போதாது என்று அதையும் மாற்றினாள். அதற்கு லில்லிக்குட்டி ரப்பர் ஷீட் விற்ற பணத்தைக் கொடுத்தாள். நான் கேட்கவில்லை. அவளாகவே மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஸ்டியரிங்கைப் பிடித்தேன். மிதியில் காலை வைத்ததும் கை தானாக ஹாரனைத் தேடியது.

இந்த இரண்டு பெண்களும் கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேன்?

செப்டம்பர் 5, வெள்ளி

திருவோணம். பக்கத்து வீட்டிலிருந்து பாயசம் வந்தது. வாகமண்ணிலிருந்து கோட்டயம் ஸ்டாண்டு வரை ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தேன். பாலா டவுனில் மட்டும் இரண்டு இடத்தில் விக்கியது. இனி மாற்ற வேண்டியது பிராசஸர் ஒன்றுதான் என்கிறாள் டிந்து.

லில்லிக்குட்டி பாயசக் கிண்ணத்தோடு பின்னால் நின்று பார்த்தாள். "தினம் தினம் கோட்டயம் போறீங்க. அப்படியே ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தக்கூடாதா?"

பாயசத்தில் இனிப்பு ஜாஸ்தி என்றேன்.

அக்டோபர் 25, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் முடியவில்லை.

பிராசஸர் வந்துவிட்டது. பழைய போர்டுக்கு இந்தப் புதுசை அடையாளம் தெரியாதாம். அதனால் முதலில் போர்டுக்குள் இருக்கும் பயாஸ் என்கிற அடிப்படை எழுத்தை அழித்துப் புதிதாக எழுத வேண்டும். எழுதும்போது கரண்டு போகவே கூடாது. டிந்து சாப்பிட்டு முடித்துச் சாவகாசமாக மூன்று மணிக்கு மேல் ஆரம்பித்தாள். துலா மாதம், இடிமழைக் காலம்! மத்தியானம் தாண்டினால் மலைமேல் வானம் என்ன செய்யும் என்று தெரியாதவளா? என் புத்தியும் எங்கே போயிற்று?

வானம் இருட்டியது. முற்றத்தில் காய்ந்த ரப்பர் ஷீட்டை அள்ள டிந்து ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன். முதல் இடி இடித்தது. இந்த ஊரில் முதல் இடிக்கு எந்த வீட்டுக்காரியும் செய்வதை லில்லிக்குட்டியும் செய்தாள். டிவி, பிரிட்ஜ், மிக்ஸி, மோட்டார் என்று வீட்டிலுள்ள பிளக் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டாள். இதையும் சேர்த்து.

போர்டு செத்துவிட்டது. விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே வரவில்லை.

நான் கத்தினேன். "வேணும்னே பிடுங்கினேடி நீ. ஆரம்பத்துலருந்தே உனக்கு இது ஆகல."

அவள் கையில் இன்னும் பிளக் இருந்தது. "ஆமா. வேணும்னுதான் பிடுங்கினேன். போன வருஷம் கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல தென்ன மரத்துல இடி விழுந்ததப் பாத்தவ நான். திரும்ப வந்து அதத் தொடுறப்ப உங்க ரெண்டு பேர் மேலயும் விழக்கூடாதுன்னு வேணும்னுதான் பிடுங்கினேன்."

ரப்பர் ஷீட் விற்ற பணத்தை மேஜையில் வைத்தவளிடம் இப்படியா பேசுவேன்? எனக்கு நாக்கா, அரிவாளா?

அக்டோபர் 26, ஞாயிறு

டிந்து போர்டைக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்தாள். "அம்மா மேல தப்பில்ல பப்பா. துலா மாசத்துல மூணு மணிக்கு ஆரம்பிச்ச நான்தான் மடச்சி." கோட்டயத்தில் ஒரு கடையில் அந்தச் சில்லை எடுத்துத் திரும்ப எழுதித் தருவார்களாம். அவளுக்கு நாளை பரீட்சை. மாலை பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

"நான் கொண்டுபோறேன். பிடுங்கினவ நான்தானே" என்றாள் லில்லிக்குட்டி, என்னைப் பார்க்காமல்.

அக்டோபர் 27, திங்கள்

காலையில் எழுந்தபோது அவள் படுக்கையில் இல்லை, பெட்டியும் இல்லை. எட்டிப் பார்த்தேன். கீழே ரோட்டோரம் பெட்டியைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாக நின்றிருந்தாள். கடையில் போய் என்ன சொல்வாள்? பயாஸ் என்ற சொல்லே அவளுக்கு வாயில் வராது.

மேல் வளைவில் ஹாரன் கேட்டது. 'நித்தியமாதா'தான். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. பஸ் வந்து நின்றது. அவள் ஏறினாள். நானும் ஏறினேன்.

ஓட்டுவது சாஜு. என் வண்டியில் வாசலில் தொங்கி மணியடித்துக்கொண்டிருந்த கிளிப்பையன், இப்போது மீசையும் தொப்பையுமாக ஸ்டியரிங் பிடிக்கிறான். கண்ணாடியில் என்னைப் பார்த்தவன் எஞ்சினை அணைத்துவிட்டான். "ஔசேப்பச்சன் சேட்டா, முன்னாடி வாங்க."

"டைம் போகுதுடா, வண்டிய எடு" என்றேன்.

லில்லிக்குட்டி பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கண்டு சாஜு முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தான். நான் அடித்துச் சொல்லிக்கொடுத்தது, மறக்கவில்லை அவன்.

"இச்சாயா, கால எடுங்க. அங்க பிரேக் இல்ல." சனிக்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"முந்தாநேத்து பேசினது மனசுல வச்சுக்காதே" என்றேன். அவள் பெட்டியை என் மடியில் தூக்கி வைத்தாள்.

கடைக்காரர் இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். வெளியே வந்தோம். லில்லிக்குட்டி பையிலிருந்து கண் ஆஸ்பத்திரி சீட்டை எடுத்தாள். இடுப்பும் இல்லை, வயிறும் இல்லை, சொல்ல எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. போனேன்.

இடது கண்ணில் பிரஷர் ஏறியிருக்கிறது. வலி தெரியாமல் ஏறுமாம். "இப்ப வந்தீங்க, சொட்டு மருந்துல நிறுத்திரலாம். இன்னும் ஆறேழு மாசம் கழிச்சு வந்திருந்தா போன பார்வை திரும்பாது" என்றார் டாக்டர். லில்லிக்குட்டி என் முழங்கையைப் பிடித்த பிடி இப்போதும் வலிக்கிறது.

கர்த்தாவே, அந்த இடிக்கு நன்றி. பிளக்கைப் பிடுங்கிய கைக்கு அதைவிட நன்றி.

அக்டோபர் 28, செவ்வாய்

சொட்டு மருந்து, காலையும் மாலையும். அவள்தான் விடுகிறாள். எனக்குக் குறி தப்புகிறது.

நவம்பர் 2, ஞாயிறு

டிந்து வந்து எல்லாவற்றையும் பொருத்தினாள், காலை வெயிலில், வானத்தைப் பார்த்துவிட்டு. போர்டு உயிரோடிருக்கிறது. பிராசஸரையும் ஏற்றுக்கொண்டது. பாலா டவுனில் விக்கல் இல்லை. ஆட்டோவும் லாரியும் தண்ணீர்போல் வழுக்கிப் போகின்றன. டிந்துவின் உச்சியில் முத்தமிட்டேன். கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

லில்லிக்குட்டி தானாக வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். "என்னதான் இருக்கு இதுலன்னு பாக்கலாம்." இரண்டு கரண்டுக் கம்பம், ஒரு சாயாக்கடை, குருசடியின் மதில், எல்லாவற்றிலும் மோதினாள். "சர்ச்சுல போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வா" என்றேன். டிந்து சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

பிரஷர் இறங்கியிருக்கிறது. டாக்டர் கை கொடுத்தார். அடுத்து மார்ச் மாதம் வந்தால் போதுமாம்.

இன்னொன்றும் எழுதி வைக்க வேண்டும். காலை வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாஜுதான் ஓட்டினான். பனி இறங்கியிருந்தது. தீக்கோய் தாண்டி மூன்றாவது வளைவு வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு லில்லிக்குட்டி தோளைத் தட்டி, "எழுந்திரிங்க இச்சாயா, கோட்டயம் வந்தாச்சு" என்றாள். பாலா எப்போது போனது என்றே தெரியவில்லை. அவள் புடவைத் தோள் என் எச்சிலில் நனைந்திருந்தது.