வாளி இல்லாமல் குடிவந்தவன்

மார்ச் 4

எனக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. நான் பேசினால் இந்தக் கைபேசி எழுதிக்கொள்கிறது. கேட்டால் திருப்பி வாசித்தும் காட்டுகிறது. மகள் பழக்கிவிட்டாள். வானொலியில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்திப் பேசினால் ஒழுங்காக எழுதுகிறது. வீட்டுப் பேச்சு பேசினால் திணறுகிறது. அதனால் செய்தி வாசிக்கிறேன்.

இன்றைய முக்கியச் செய்தி: எதிர்வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. ஒண்டியாள். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கும் ஷூ. இரண்டு தோல் பெட்டி, ஒரு அலுமினியப் பெட்டி. மூன்றும் விமானத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர்கள் வைத்திருக்கும் ரகம். ரயில் நிலையத்தில் போர்ட்டராகவே தலை நரைத்தவன் நான். பெட்டியைக் காட்டினால் ஆளைச் சொல்வேன்.

ஆனால் பாய் இல்லை, பாத்திரம் இல்லை, துடைப்பம் இல்லை. ஒரு வாளிகூட இல்லை. குடித்தனம் நடத்த வந்தவன் வாளி இல்லாமல் வருவானா?

மார்ச் 9

காலையில் அலுமினியப் பெட்டி வெளியே போனது. சாயங்காலம் ஒரு சிவப்புப் பெட்டி உள்ளே வந்தது. ஆள் அதே ஆள்தான்.

மார்ச் 15

வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். படம் பார்ப்பேன். மீதி நேரம் தாளுக்கு மேலே கண் இருக்கும். பெட்டிக்காரன் வந்தான். இன்று பச்சைப் பெட்டி. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்து ஒரு கும்பிடு, அதோடு விருட்டென்று உள்ளே போய்விட்டான்.

மடியில் கனமில்லாதவன் எதற்கு ஓட வேண்டும்?

நான் வேலையில் இருந்த காலத்தில் ஒருநாள் இரண்டாம் நடைமேடையில் ஒருவர் நின்றிருந்தார். வெள்ளைக் கோட்டு, நீலக் கைக்குட்டை, சட்டைப் பையில் தங்கமூடிப் பேனா. யாருடைய பெட்டியையோ தன் பெட்டி போல எடுத்துக்கொண்டு, என்னிடம் மணி கேட்டுவிட்டுப் போனார். மணி சொன்னதோடு நிற்காமல் ஒரு வணக்கமும் போட்டேன். பத்து நிமிடம் கழித்து ஒரு அம்மாள் அழுதுகொண்டு வந்தாள். அவள் கட்டியிருந்த சேலையின் கரைகூட இன்னும் கண்ணில் நிற்கிறது.

மார்ச் 22

மகளுடைய கைப்பையில் ஜிப் போய் மாதக்கணக்காகிறது. ஊக்கு குத்திக்கொண்டுதான் பல் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்வந்தாள். இன்று ஊக்கு இல்லை. ஜிப் சர்ரென்று ஓடுகிறது.

“யாரும்மா சரிபண்ணினது?”

“எதிர்வீட்டுக்காரர்ப்பா. படியிலேயே நின்னு, கையாலேயே.”

முன்வரிசைக்காரனுக்கு ஜிப் வேலை எதற்குத் தெரிய வேண்டும்? பிறத்தியார் பெட்டியைத் திறந்து பழகிய கையோ?

ஏப்ரல் 2

மகள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்தால் ஏதோ இருக்கிறது.

“அப்பா, எதிர்வீட்டுக்காரர் என்னைக் கட்டிக்கிறேன்னு கேட்டிருக்கார். எனக்குச் சம்மதம்தான். ஆனா உங்க மனசு கோணாம செய்யணும்.”

தினம் ஒரு பெட்டி மாற்றுகிறவன் ஆளையும் மாற்றுவான் என்றேன். திருட்டுப் பெட்டியாக இருக்கும் என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

“முன்னாடி என்னைக் கட்டிக்க ஒருத்தர் ஒத்தைத் தகரப் பெட்டியோட வந்தாரே. ‘எளிமையான பிள்ளை, தங்கமானவன்’னு ஊர் முழுக்கச் சொன்னது யாரு? அந்தத் தங்கம் இப்ப எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.”

“சரி, இவன் என்ன வேலை பார்க்கிறான்?”

“போய்க் கேளுங்க. நாலடி தள்ளி இருக்கிற கதவு. நான் சொன்னா நம்பவா போறீங்க?”

அவ இன்னொரு தரம் அழுதா என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. இந்தக் கைபேசி எப்படியோ எழுதிட்டுப் போகட்டும்.

ஏப்ரல் 3

சாப்பாட்டில் உப்பு இல்லை. கேட்கவில்லை.

ஏப்ரல் 7

லிஃப்ட் ஓடவில்லை. பெட்டிக்காரன் மூன்று பெரிய பெட்டிகளோடு மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தான். மாடிப்படித் திருப்பத்தில் ஒன்று கைநழுவியது. நான் என்னை மறந்துவிட்டேன். பழைய பழக்கம். ஓடிப்போய்ப் பிடியைப் பற்றினேன், முழங்காலை மடக்கினேன், மூச்சைக் கட்டினேன், அவ்வளவு பெரிய பெட்டிக்கு எவ்வளவு பலம் வேண்டுமோ அவ்வளவும் போட்டுத் தூக்கினேன். அது காற்றாக மேலே வந்தது. நான் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெட்டி என் மடியில்.

“ஐயா, அடி பட்டுச்சா?”

“உள்ளே ஒண்ணுமே இல்லையேப்பா.”

“காலிப் பெட்டிங்கய்யா. சக்கரம் போனது, பூட்டு உடைஞ்சது. பழுது பார்க்கிறதுதான் என் தொழில். கடை சின்னது, இடம் பத்தல. ராத்திரி வீட்டுல வெச்சுச் செய்வேன்.”

“அப்ப இந்த ஷூ?”

“பெரிய வீடுங்களுக்குப் போய்ப் பெட்டி வாங்கணுமில்ல? செருப்போட போனா வாட்ச்மேன் பின்வாசலுக்குப் போகச் சொல்றான்.”

“அது சரி. என்னைக் கண்டா ஏன் ஓடுறே?”

“கண்ணாடியும் பேப்பருமா உட்கார்ந்திருக்கீங்க. பெரிய உத்தியோகத்துல இருந்து ஓய்வானவர் மாதிரி. ‘அப்பா போர்ட்டரா இருந்தவர், நீங்களே பேசுங்க’ன்னாங்க உங்க மக. எனக்கு நம்பிக்கை வரல. அந்தப் பேப்பரைத் தாண்டி எப்படிப் பேசுறது?”

“எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாதுப்பா.”

இருவரும் படியிலேயே உட்கார்ந்து சிரித்தோம். கீழ்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டாள். அவள் எங்களை என்னவென்று நினைத்தாளோ.

எழுந்திருக்கும்போது வாளி விஷயத்தையும் கேட்டுவிட்டேன்.

“வாளி எதுக்குங்கய்யா? குழாய்க்குக் கீழே நின்னா வேலை முடிஞ்சுது.”

தூக்கிப் பார்க்காமல் எடை சொன்ன போர்ட்டர் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஏப்ரல் 11

இன்னும் முழுதாக மனசு ஆறவில்லை. பெட்டி பற்றித் தெரிந்துவிட்டது; ஆள்? சொல்லாமல் கொள்ளாமல் அவன் கடைக்குப் போனேன். ஒரு ஆள் நின்றால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டிய கடை. என்னை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு வேலையைப் பார்த்தான்.

உள்ளே கட்டியிருந்த கயிற்றில் ஒரு குழந்தைக் காலுறை காய்ந்துகொண்டிருந்தது. ஒற்றை.

“இது யாரோடது?”

“அந்தப் பச்சைப் பெட்டியோட கிழிஞ்ச உள்துணிக்குள்ளே மாட்டியிருந்துச்சு. பெட்டியோட திருப்பிக் கொடுத்துடலாம்னு. அழுக்கா இருந்தது, துவைச்சேன்.”

ஒற்றைக் காலுறையை யார் தேடப் போகிறார்கள்? அதையும் கேட்டேன்.

“இன்னொண்ணு அவங்க வீட்டுல இருக்குமில்ல ஐயா?”

வீட்டுக்கு வந்து மகளிடம் ஒரே வார்த்தைதான் சொன்னேன். “சரிம்மா.” அவள் அடுப்படியிலிருந்து திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு, “விழுந்த இடம் வலிக்குதாப்பா?” என்றாள்.

இன்று உப்பு சரியாக இருந்தது.

மே 19

கல்யாணத்தைப் பதிவு செய்து ஐந்து நாள் ஆகிறது. மகள் நாலடி தள்ளிக் குடிபோயிருக்கிறாள். இரண்டு கதவும் பகலெல்லாம் திறந்தே கிடக்கின்றன. மாப்பிள்ளை என் நாற்காலிக்குச் சக்கரம் போட்டுத் தரட்டுமா என்கிறார். வேண்டாம் என்றிருக்கிறேன், படிப்பக்கம் உருண்டால் என்ன செய்வது?

காலையில் குளிக்கப் போனேன். வாளியைக் காணோம். எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டு வாசலுக்கு வந்தால், எதிர்வீட்டுக்குள்ளே தண்ணீர் விழும் சத்தம். அடியில் விரிசல் விட்ட நீல வாளியில் தண்ணீர் விழுந்தால் ஒரு மாதிரிக் கேட்கும். நம் வாளிதான்.

போய்க் கேட்கவில்லை. திரும்பி வந்து குழாய்க்குக் கீழே நின்றேன். நன்றாகத்தான் இருக்கிறது.