பறவைப் பெட்டியில் ஒரு மாடு

அன்புள்ள அக்கா,

இன்று காலை நம் அங்கன்வாடிக்குப் புதிய பட அட்டைக் கட்டு வந்தது. பிரித்ததும் குப்பென்று அந்தப் பிளாஸ்டிக் வாடை. நீங்கள் இங்கே சமையல் வேலையை விட்டுப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உங்கள் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். ஆனாலும் அந்த வாடைக்கு உங்கள் முகம்தான் வந்து நிற்கிறது.

கோமதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது அவளுக்கு நாலரை வயசு. பறவைகளை ஒரு பெட்டியிலும் விலங்குகளை இன்னொன்றிலும் போடச் சொன்னால், மாட்டை எடுத்துப் பறவைகளோடு போடுவாள். தினமும் இதே கதை. வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளின் பட்டியலுக்கு அவள் பெயரைச் சொன்ன புண்ணியவதி நான்தான். பெயர் ஏறினால் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பது தள்ளிப்போகும் என்று கேள்விப்பட்டு, அவள் அம்மா தறிக்குப் போகாமல் நம் வாசலில் அழுதுகொண்டு நின்றாள்.

பார்வையிட வந்த அதிகாரியின் முன்னாலும் கோமதி மாட்டைப் பறவைப் பெட்டியில் போட்டாள். அவர் பேனாவைத் திறந்தார். நீங்கள் கையில் சாம்பார்க் கரண்டியோடு வந்துவிட்டீர்கள்.

"செத்த இருங்க மேடம். ஏட்டி கோமதி, மாட்ட எதுக்கு அங்கன போட்ட?"

"கொம்புல குருவி இருக்குல்லா."

அட்டையை வாங்கிப் பார்த்தேன். கொம்பின் நுனியில் கறுப்பாக ஒரு கரிச்சான் குருவி! மூன்று வருஷமாக அதே அட்டையைக் காட்டிப் பாடம் நடத்தியவள் நான். வெட்கத்தில் காது சுட்டது.

நீங்கள் அதோடு விடவில்லை. அட்டைகளையெல்லாம் கவிழ்த்து வைத்தீர்கள்.

"ஆட்டுப் படத்துல வேற என்ன இருந்துச்சு மேடம்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"வேலி," என்றாள் கோமதி. "வேலில செவப்புத் துணி. குட்டிக்கு ஒரு காது மடங்கி இருக்கு."

புரட்டினோம். அத்தனையும் சரி. அதிகாரி சிரித்தபடி பேனாவை மூடிவிட்டார். அன்றும் வந்து நின்றிருந்த கோமதியின் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டாள்.

அன்று பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னீர்கள்: "நீங்க மாட்டத் தேடுதிய டீச்சர், மாடு மட்டும் தெரியுது. அவ ஒண்ணையும் தேடல, அதான் எல்லாம் தெரியுது."

யோசித்துப் பார்த்தால் அதுதான் விஷயம். எதை வைத்துப் பிரிக்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்துவிட்டது. அதனால் சட்டென்று பிரிக்கிறோம், மிச்சத்தைக் கண் விட்டுவிடுகிறது. எது முக்கியம் என்று பிள்ளைகள் இன்னும் முடிவு செய்யவில்லை. அதனால் பிரிப்பதில் தடுமாறுகிறார்கள், நாம் விட்டதையெல்லாம் பிடித்துவிடுகிறார்கள். பயிற்சி வகுப்புகளில் எனக்கு ஏறாதது உங்கள் கழுவுதொட்டி அருகே ஏறியது.

கோமதி இப்போது மூன்றாம் வகுப்பு. வழியில் பார்த்தால், என் சேலையில் நூல் பிரிந்திருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் வணக்கம் வைக்கிறாள்.

இந்த வாரம் மறுபடியும் பட்டியல் கேட்டார்கள். மூன்று பெயர்களைப் பென்சிலில் குறித்து வைத்திருந்தேன். பிறகு ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் தரையில் உட்கார்ந்து, ஏன் அப்படிப் போட்டாய் என்று கேட்டேன். இரண்டு பேரிடம் நான் பார்க்காத காரணங்கள் இருந்தன. மூன்றாவது பிள்ளை அட்டையை மூக்கோடு ஒட்ட வைத்துக்கொண்டு பார்த்தாள். அவளைக் கண் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறேன்.

மூன்று பெயர்களையும் அழித்துவிட்டு, வெறும் பட்டியலில் கையெழுத்துப் போட்டேன். ஜெயித்துவிட்டோம், அக்கா.