ஒதுக்கிய வீடு

ஆம்பூர்,
6.7.2025

அக்கா மகள் எழிலரசிக்கு உன் மாமன் தனகோடி எழுதுவது.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீ சிரித்தாய். உன் அம்மாவும் சிரித்தாள். இப்போது பார், நான் சொன்னதை அப்படியே மைக் வைத்துச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். போனில் சொல்லலாம் என்றால் நீ ஆஸ்பத்திரி அவசரத்தில் இரண்டு நிமிடத்தில் "மாமா, வார்டுல கூப்பிடறாங்க" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். அந்தக் காலத்து எட்டாவது படித்தவன், எழுத்து உருண்டையாகத்தான் இருக்கும்.

விஷயம் இதுதான். நம் ஆற்றோரத்து வீடுகளையெல்லாம் எடுக்கப்போகிறார்கள். பதிலுக்கு அரசாங்கம் மானியத்தில் மாடி வீடு தருகிறது. முன்பு மாதிரி எல்லாரையும் ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டப்போவதில்லை. ஊரில் பல வார்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியிருக்கிறார்கள். ஏழைகள் வீடு ஏற்கெனவே ஜாஸ்தியாக இருக்கும் வார்டில் இனி ஒன்றும் கிடையாது. கம்மியாக இருக்கும் வார்டில்தான்.

இந்த யோசனை என்னுடையது. இருபது வருஷம் தோல் வெட்டியவனுக்கு இது தெரியாதா? தோலில் முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் தொளதொள. முழுத் தோலையும் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் கத்தி வைக்க வேண்டும். இந்த ஊரில் நமக்கு எப்போதும் வயிற்றுப் பக்கத்தையே வெட்டிக் கொடுத்தார்கள். இதை நான் டீக்கடையில் சொன்னது யார் மூலமாகவோ மேலே போயிருக்கிறது.

ஆனால் ஒரு பேஜார். நம் ஆற்றோர வார்டில்தான் ஏழை வீடு ஜாஸ்தி. ஆகவே நம் வார்டில் நமக்கே வீடு இல்லை. இது நியாயமா அநியாயமா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். காலையில் நியாயமாகத் தெரிகிறது, சாயங்காலம் வேறு மாதிரி தெரிகிறது.

ஆபீஸ்காரர்கள் போட்ட கூட்டத்தில் நடந்ததைக் கேள். மைக் பிடித்த அம்மா நல்ல மாதிரிதான். "உங்கள் ஒருவரையும் விடாமல் எல்லாருக்கும் ஒதுக்கிவிட்டோம்" என்றார். உன் அம்மா எழுந்துவிட்டாள்.

"அது எங்களுக்குத் தெரியுமே மேடம். எங்களை ஒதுக்கறது இன்னா புதுசா? அதுக்கு எதுக்கு மைக்கு?"

கூட்டமே கை தட்டியது. அந்த அம்மாவுக்கு வேர்த்துவிட்டது. "இல்லம்மா, ஒதுக்கினதுன்னா அந்த ஒதுக்கினது இல்ல. இது... ஒதுக்கினது" என்றார்.

நீ சித்தி முறை வைத்துக் காலா காலா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக் குர்ஷித், உன் அம்மாவின் முந்தானையை இழுத்தாள். "உக்காருக்கா, குடுத்தோம்ன்றாங்க."

"குடுத்தோம்னா குடுத்தோம்னு சொல்லட்டுமே. வாயில முள்ளா?"

கடைசியில் குலுக்கல் போட்டார்கள். உன் அம்மாவை மல்லிகை நகருக்கு ஒதுக்கிவிட்டார்கள். அவள் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். குர்ஷித்துக்கு இன்னும் எதுவும் வரவில்லை, அவள் பெயர் இரண்டாவது குலுக்கலில்.

உன் புத்திசாலி மாமன்,
தனகோடி

*

ஹைதராபாத்,
15.7.2025

மாமாவுக்கு,

நலம். நீங்கள் எல்லாரும் நலமா?

"உன் அம்மாவை... ஒதுக்கிவிட்டார்கள்" என்ற வரியை மட்டும் முதலில் படித்துவிட்டு, நர்ஸ்கள் அறையில் உட்கார்ந்து அழுதேன். கூட இருந்த மலையாளப் பெண் தண்ணீர் கொடுத்தாள். இரண்டாவது தடவை படித்தபோதுதான் வீடு கிடைத்திருக்கிறது என்று புரிந்தது. சிரிப்பதா, உங்களைத் திட்டுவதா என்று இன்னும் தெரியவில்லை.

மல்லிகை நகரா! சின்ன வயதில் அந்தத் தெரு வழியாகப் போனால் நாய் துரத்தும். அங்கே அம்மாவுக்கு வீடா?

மாமா, எப்படியாவது கையெழுத்துப் போட வையுங்கள். போன மழையில் கட்டில் கால் வரைக்கும் தண்ணீர் வந்தது. அம்மா அதைக்கூட என்னிடம் சொல்லவில்லை, காலாதான் சொன்னார். போன் செய்தால் "நல்லாக்கிறேன், நீ சாப்ட்டியா" என்பதற்கு மேல் அம்மாவிடம் ஒரு வார்த்தை வராது. அவர் ஏன் வேண்டாம் என்கிறார்? உங்களுக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
எழில்

*

ஆம்பூர்,
3.8.2025

எழிலுக்கு,

போட்டுவிட்டாள்! உன் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். போட வைத்தது யார் என்று கேள். நானே சொல்கிறேன், நான்தான்.

அவள் ஏன் வேண்டாம் என்றாள் தெரியுமா? குர்ஷித்தான் காரணம். இரண்டு பேரும் ஒரே வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கிறார்கள். ஏஜெண்ட் கொண்டுவந்து போடும் மூட்டை குர்ஷித் வாசலில்தான் இறங்கும். "மல்லிகை நகர்ல எனக்கு எவன் மூட்டை கொண்டாந்து போடுவான்? அவ ஒரு மூலை, நான் ஒரு மூலை. எல்லா வார்டுக்கும் நியாயம் பண்ணிட்டாங்க, எங்க ரெண்டு பேருக்குத்தான் பண்ணல" என்கிறாள்.

ஆகவே நேராக ஆபீசுக்குப் போனேன். பெரிய அதிகாரி ஜெயசீலன். ஆள் ஆறடி, தங்க ஃபிரேம் கண்ணாடி, மேசை மேல் மூன்று போன். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். டீ வரவழைத்தார், அவருக்குச் சர்க்கரை கம்மி. தோல் வெட்டுகிற கணக்கை அவருக்கு விளக்கினேன். அசந்துவிட்டார். "தனகோடி, உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா இந்த ஊரு எங்கியோ போய்டும்" என்றார். அக்கா, குர்ஷித் இரண்டு பேர் விஷயத்தையும் சொன்னேன். "அவ்ளோதானா? செண்பகம் அம்மாவுக்கு மேல் மாடி, குர்ஷித் அம்மாவுக்கு அதுக்கு நேர் கீழ். ரெண்டாவது குலுக்கல் வரட்டும், நான் பாத்துக்கறேன்" என்றார். இப்போது நாங்கள் தோஸ்த்.

வெளியே வந்து, ஆபீஸ் வாசலில் காத்திருந்த அக்காவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"பெரிய அதிகாரின்றியே, அவர் பேர் இன்னாடா?"

"ஜெயசீலன்."

"சத்தியமா?"

"நான் இன்னிக்கு வரைக்கும் உங்கிட்ட பொய் சொல்லியிருக்கேனாக்கா?"

"தினமும் சொல்ற. இதுலயாவது நெசம் சொல்லு."

நான் தலையை ஆட்டினேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள்.

செல்வாக்குள்ள உன் மாமன்,
தனகோடி

*

ஹைதராபாத்,
4.9.2025

அன்புள்ள மாமா,

உங்களை எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறேன். அத்தனைக்கும் மன்னிப்புக் கேட்கிறேன். அம்மா முந்தாநாள் போனில், "ஜன்னல் பெருசா இருக்குடி, லைட்டு போடாமலே தைக்கலாம்" என்றார். தானாகச் சொன்னது! ஜெயசீலன் சாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இப்படியும் ஒரு அதிகாரியா என்று இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை. குர்ஷித் காலாவுக்கு இரண்டாவது குலுக்கலில் அவர் மகள் ஃபிர்தௌஸ் இருக்கிற தெருவிலேயே வீடு விழுந்ததாமே? அதை வேண்டாம் என்று திருப்பிவிட்டாராமே? ஃபிர்தௌஸ் என்னிடம் போனில் கோபமாகப் பேசினாள். என்ன நடந்தது?

எழில்

*

ஆம்பூர்,
21.9.2025

எழிலுக்கு,

குடிபோன கதையை முதலில் கேள். உன் அம்மாவின் சாமான்கள் ஒரு குட்டி யானை வண்டியில் அடங்கிவிட்டன. நான் முன்னால் நின்று வழிகாட்டினேன், மல்லிகை நகரே வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் ஷஹீன் பானு என்று ஒரு டீச்சர். "எந்த வீட்டு வேலைக்கு வந்திருக்கீங்க?" என்று அக்காவைக் கேட்டாள்.

"வேலைக்கு இல்லம்மா, குடி வந்திருக்கேன்."

டீச்சர் முகம் போன போக்கு! பிறகு பாவம், ஒரு குடம் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். நல்லவளா கெட்டவளா என்று தெரியவில்லை. இந்தத் தெருவில் யாரையும் அப்படிச் சட்டென்று சொல்ல முடியவில்லை. சிரிக்கிறார்கள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

குர்ஷித் விஷயம் கேட்டாய். குலுக்கலில் ஏதோ விழுந்தது உண்மைதான். ஆபீஸ் ஜன்னலில் இருந்த கிளார்க்கிடம் அவள், "எனக்கு இது வேணாம் பாபு, செண்பகம் அக்காவுக்குக் கீழ் வீடு. ஜெயசீலன் சார் சொல்லியிருக்கார்" என்றாளாம். "யாரும்மா அது?" என்று கேட்டானாம். சின்னப் பயல், பெரிய அதிகாரிகளை அவனுக்கு எப்படித் தெரியும்? வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, வீட்டை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டான். ஆற்றோரத்து வீட்டையும் இடித்தாயிற்று. குர்ஷித் இப்போதைக்கு அக்கா கூடத்தான் இருக்கிறாள். இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து தைக்கிறார்கள், பேச்சும் சிரிப்பும்தான். ஏஜெண்டுகூட வந்து மூட்டை போட்டுவிட்டுப் போகிறான்.

ஜெயசீலன் சாரைப் பார்க்கலாம் என்றால், அவரை வாலாஜாபேட்டைக்கு மாற்றிவிட்டார்களாம். நல்லவர்களுக்கு இந்த ஊரில் இடம் ஏது? எல்லாம் சரியாகிவிடும். நீ வேலையைப் பார்.

உன் மாமன்,
தனகோடி

*

ஹைதராபாத்,
9.10.2025

மாமா,

போன் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால் இதை அவசரத் தபாலில் அனுப்புகிறேன்.

அம்மாவுக்கு ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. ஒதுக்கீடு பெற்றவர் குடும்பம் தவிர வேறு ஆளை வைத்திருப்பதாக யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். விளக்கம் தராவிட்டால் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். அம்மா எழுத்துக் கூட்டி முழுவதையும் போனில் எனக்குப் படித்துக் காட்டினார். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் அம்மா என்னிடம் பேசியதில்லை. காலாவை வெளியே அனுப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவும் அனுப்ப மாட்டார். "வீடு போனா போவுது" என்கிறார். எங்கே போவார் மாமா? இடித்த இடத்தில் வேலி போட்டுவிட்டார்கள்.

வழி ஒன்றுதான். காலா வீட்டைத் திருப்பியது அதிகாரி ஜெயசீலன் கொடுத்த வாக்கை நம்பித்தான் என்று மனு எழுதிவிட்டேன். அவர் பெயரைப் போட்டு, மேலிடத்துக்கும் ஒரு பிரதி. லீவு கிடைத்துவிட்டது. காட்பாடியில் இறங்கி நேராக வாலாஜாபேட்டை போய், அவரையே பார்த்து ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு வருகிறேன். நல்ல மனிதர், மறுக்க மாட்டார். அவர் முழுப் பெயரையும் எந்தப் பிரிவு என்பதையும் மட்டும் உடனே எழுதுங்கள்.

எழில்

*

ஆம்பூர்,
13.10.2025

எழிலுக்கு,

வாலாஜாபேட்டைக்குப் போகாதே. காட்பாடியிலிருந்து நேராக இங்கே வா.

போனை எடுக்காதது பேட்டரி இல்லாததால் அல்ல. நேற்று உன் அம்மா என் வீட்டுக்கு வந்து, "அந்த ஜெயசீலன் வீடு எங்கடா, நானே போய்க் கால்ல விழறேன்" என்றாள். கூடக் குர்ஷித்தும் வந்திருந்தாள், ஒரு டப்பாவில் அவருக்கென்று சர்க்கரை கம்மியாகக் கீர் செய்து எடுத்துக்கொண்டு. நான் சட்டை மாட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிப் பின்பக்கமாகப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது டப்பா மட்டும் வாசல்படியில் இருந்தது.

நான் ஆபீசுக்குப் போனது நிஜம். டோக்கன் வாங்கிக்கொண்டு ஜன்னல் எதிரில் நின்றதும் நிஜம். என் முறை வந்தபோது, "ரெண்டு பேருக்கும் பக்கத்துல பக்கத்துல குடுக்க முடியுமா?" என்று கேட்டேன். அந்தக் கிளார்க் பையன் மரியாதையாகத்தான் சொன்னான். "குலுக்கல்னா எல்லாருக்கும் ஒரே மாதிரிண்ணா. உங்களுக்கு மாத்தினா இன்னொருத்தருக்கு அநியாயம் ஆய்டும்." அவன் சொன்னது சரி. அக்கா சொல்வதும் சரி. இரண்டும் எப்படிச் சரியாக இருக்கிறது என்று அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. வெளியே அக்கா நின்றிருந்தாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கட்டில் கால் வரை தண்ணீர் வந்தது என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். குர்ஷித் கைக்கு வந்த வீட்டைத் திருப்பிக் கொடுப்பாள் என்று நான் நினைக்கவில்லை. என் பேச்சை இதுவரை யாரும் அவ்வளவு நம்பியதில்லை.

மனுவை மாற்றி எழுது. குர்ஷித் வீட்டைத் திருப்பியதற்குக் காரணம், ஆம்பூரில் தோல் வெட்டும் வேலை செய்யும் தனகோடி என்று எழுது. அதில் நானே கையெழுத்துப் போடுகிறேன், ஜன்னலில் வந்து வாயாலும் சொல்கிறேன். அதிகாரியின் வாக்கு என்று மட்டும் எழுதிவிடாதே.

அதிகாரியின் பெயர் என்ன என்று அக்கா கேட்டபோது, ஆபீசுக்கு எதிரில் இருந்த பஞ்சர் கடைப் பலகையைப் பார்த்துப் படித்தேன். ஜெயசீலன் என்று ஆபீசில் யாரும் இல்லை.

தனகோடி