நான் வெட்டிய பத்து விநாடிகள்

மா. சங்கரலிங்கம் என்னும் நான், வயது ஐம்பது, நம் இணையவழிப் பயிற்சி மையத்தின் தர ஆய்வுப் பொறுப்பாளன், உமக்கு இம்மடலை எழுதுவது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதற்காக. இரங்கலை உம் அடக்கத்தன்றே உம் வீட்டாரிடம் தெரிவித்துவிட்டேன்.

இன்று காலை உம் மனைவி தென்காசி அலுவலகத்துக்கு வந்து உமது பழைய கைப்பேசியைக் கொடுத்தார். "அவுக எடுத்த பாடமெல்லாம் இதுல கெடக்கு அண்ணாச்சி. அழிக்கதுக்கு மனசு வரல" என்றார். அதன் உறையில் உம் அத்தர் மணம் இன்னும் போகவில்லை.

முதல் பாடத்தைத் திறந்தேன். சர்க்கரை நோயாளிகளின் வீடுகளுக்குச் செல்லும் பெண் பணியாளர்களுக்கு இன்சுலின் ஊசி போடக் கற்பிக்கும் பாடம். குற்றாலத்தில் எடுத்திருக்கிறீர், பின்னால் அருவி இரைகிறது. "ஊசிய எடுக்கதுக்கு முன்னால மருந்துக் குப்பியில என்னத்தப் பாக்கணும்? வாய்விட்டுச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, பத்து விநாடி ஒன்றும் பேசாமல் எதிரே பார்த்துக்கொண்டிருக்கிறீர். பிறகுதான் விடை: மருந்தின் பேர், காலாவதித் தேதி, நிறம். அடுத்த பாடத்தின் தொடக்கத்தில் அதே கேள்வி, அதே மௌனம்.

அம்மௌனங்களை வெட்டியவன் நான். மூன்று விநாடிக்கு மேற்பட்ட பேச்சற்ற இடைவெளி நீக்கப்படும் என்பது நானே எழுதிய விதி. நீர் என் மேசைக்கு வந்து நின்றீர்.

"அருவிச் சத்தம் கேட்டாலும் குத்தம், சத்தமே இல்லன்னாலும் குத்தம். உமக்கு என்னதாம்வே வேணும்?"

"விதி எல்லாருக்கும் ஒன்னுதான் பாய்."

"படிக்கவங்க யோசிக்க எடம் குடுக்கணும்வே. நாம பேசிக்கிட்டே இருந்தா நமக்குத்தான் பாடம் மனப்பாடமாகும்."

அலுவலகமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. விடையைக் காட்டுமுன் கற்பவரை நினைவிலிருந்து தேடவைக்க வேண்டும், சில நாள் கழித்து மீண்டும் கேட்க வேண்டும் என்பதற்கான ஆய்வுகளை எடுத்துக்காட்டி வகுப்பே நடத்தியவன் நான். நீரோ ஒரு கட்டுரையும் படிக்காமல் அதைச் செய்துவிட்டீர். அதுதான் பொறுக்கவில்லை. விளக்கு வைத்து, இஸ்திரி போட்ட சட்டையுடன் நான் எடுத்த நாற்பது நிமிடப் பாடத்தை எவரும் முழுதாகப் பார்த்ததில்லை. உமது பாடங்களைக் கீழப்பாவூர்ப் பெண் பணியாளர்கள் வாட்ஸ்அப்பில் தமக்குள் அனுப்பிக்கொண்டார்கள். விதி என் கையில் இருந்தது, வெட்டினேன்.

சென்ற வாரம் செய்முறைத் தேர்வு. காலாவதியான குப்பி ஒன்றை வேண்டுமென்றே மேசையில் வைத்திருந்தோம். நான் வெட்டுவதற்கு முன்பே உம் பாடத்தில் பயின்ற முதல் அணியினர் அதை எடுத்த உடனே தேதியைப் பார்த்து ஒதுக்கினார்கள். வெட்டிய பாடத்தில் பயின்ற இரண்டாம் அணியில் பலர் அதிலிருந்தே மருந்தை உறிஞ்சி, தோலுக்குப் பதிலாக வைத்திருந்த புளியங்குடி எலுமிச்சையில் ஏற்றினார்கள்.

முதல் அணியின் மூத்த பணியாளரிடம் காரணம் கேட்டேன்.

"பாய் சாரு கேள்வியக் கேட்டுட்டு நம்மளையே பாப்பாருல்லா, பதில் சொல்லாம இருக்க வெக்கமா இருக்கும் சார். இந்தப் புள்ளைக பாத்த பாடத்துல மூச்சுவிடக்கூட எடமில்ல. யாரு சார் இப்படி வெட்டுனது?"

"சாஃப்ட்வேர்மா" என்றேன்.

மறைந்தவர்மீது பொறாமை கொள்வது முறையன்று என்பதை அறிவேன். ஆயினும் இன்று உம் மௌனத்தின் முன் அமர்ந்திருந்தபோது, அறை வெறுமையாக இருந்தும், "பேரு, தேதி, நிறம்" என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். என் பாடம் ஒருவரையும் அப்படிப் பேசவைத்ததில்லை. இந்தப் பொறாமை என்னைவிட்டு அகலும் என உமக்கு உறுதிகூற இயலாது. அதை வைத்துக்கொண்டே சரியானதைச் செய்ய வேண்டியிருக்கிறது.

இரண்டாம் அணியினர் திங்களன்று நோயாளிகளின் வீடுகளுக்குச் செல்லவிருந்தார்கள். அதை நிறுத்திவைக்கும்படி, என் விதியால் நேர்ந்த பிழை என்று குறிப்பிட்டு, மேலதிகாரிக்கு எழுதிவிட்டேன். உமது பாடங்களை ஒரு விநாடியும் குறைக்காமல் ஏற்றுவேன். அவர்கள் அவற்றை முதலிலிருந்து பயில்வார்கள். இப்போது அந்த மூத்த பணியாளரைத் தொலைபேசியில் அழைத்து, வெட்டியவன் நான் என்று சொல்லப்போகிறேன்.