கமாண்டருக்கு மீசை முளைத்த குளிர்காலம்

செடேலியா, மிசூரி
நவம்பர் 6, 2012

ஓரினுக்கு,

கமாண்டர் பத்திரமாக வந்து இறங்கினான் என்று குதிரையை ஏற்றி வந்த வண்டிக்காரர் சொன்னார். நீ சொல்லவில்லை. போனில் பேசினால் நாம் சண்டைதான் போடுவோம் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு வரும் செவ்வாய்க்கிழமை இடுப்பு ஆபரேஷன். வசந்தம் வரும்வரை லாயத்துப் பக்கமே போகக் கூடாதாம். வேறு ஆள் கிடைத்திருந்தால் அவனை உன்னிடம் அனுப்பியிருக்க மாட்டேன், அது உனக்கே தெரியும். நம் கல்யாணம் முறிந்து நீ வீட்டை விட்டுப் போன பிறகு நான் கேட்கிற முதல் உதவி இது. செய்வதைச் சரியாகச் செய்.

அவன் ஒன்றும் பிறந்தநாள் விழாவில் பிள்ளைகள் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிற குட்டைக் குதிரை இல்லை. உயரம் உன் இடுப்புக்குக்கூட வராதுதான், ஆனால் மூன்று மாநிலங்களில் குதிரை அழகுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவன். அவனுக்குத் தனி லாயம் வேண்டும். இரவு வெகுநேரம் விளக்கு எரிய வேண்டும். இன்னும் கோடைதான் என்று உடம்பு நம்பினால்தான் குளிர்கால ரோமம் வளராது. மேலே எப்போதும் போர்வை இருக்கட்டும். காய்ந்த புல்லை நிறுத்துப் போடு, தொப்பை விழக் கூடாது. வேறு குதிரையோடு சேர்த்து விடவே விடாதே. ஒரு கடி பட்டாலும் தழும்பு நடுவர் கண்ணில் பட்டுவிடும். மூக்கைச் சுற்றி முளைக்கிற மயிரை அவ்வப்போது மழித்துவிடு.

செப்டம்பரில் தேசியப் போட்டி. ஏப்ரல் கடைசியில் வந்து அழைத்துப் போகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

வெல்டா


டெக்கோரா, அயோவா
நவம்பர் 28, 2012

அன்புள்ள வெல்டா,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் தேவாலயத்துப் பாதிரியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வலி எப்படி இருக்கிறது? ஊன்றுகோலை வெறுத்து மூலையில் வீசியிருப்பாய். எடுத்து ஊன்று.

நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். தனி லாயம், விளக்கு, போர்வை. கமாண்டர் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, சல்யூட் அடிக்க வேண்டும்போல இருக்கிறது. இங்கே அவன் பெயர் பீன்ஸ்.

என்னிடம் பிஸ்கட் என்று ஒரு குட்டைப் பெண்குதிரை இருக்கிறாள். வயதானவள், தொப்பைக்காரி, ஒரு பரிசும் வாங்காதவள். அவள் குரல் கேட்டதும் உன் பரிசுக்காரன் கத்த ஆரம்பித்தான். விடாமல் கத்தினான். கதவை நெஞ்சால் இடித்தான். அவன் மற்ற குதிரைகளைப் போட்டித் திடலில் பார்த்திருக்கிறானே தவிர, யாரோடும் இருந்ததில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் கதவைத் திறந்துவிட்டேன், வெல்டா. திட்டு.

ஓரின்


செடேலியா
டிசம்பர் 9, 2012

ஓரின்,

திட்டத்தான் எழுதுகிறேன். கேட்டது ஒரே ஒரு காரியம். அதையும் உன் இரக்க மனசால் கெடுத்துவிட்டாய். உனக்குக் கதவைத் திறந்துவிடுவது சுலபம். அந்த உடம்பைச் செதுக்கி எடுக்க எனக்கு எத்தனை வருடம் ஆனது தெரியுமா? உடனே பிரித்துக் கட்டு. போர்வையைப் போடு.

தேவாலயத்துப் பெண்கள் முறைவைத்துச் சாப்பாடு கொண்டு வருகிறார்கள். எல்லாரிடமும் அதே நூடுல்ஸ், அதே கோழி, மேலே அதே சீஸ். ஐடா நேற்று வந்து, "ஒண்டியா இருக்கியே வெல்டா, பயமா இல்ல?" என்று கேட்டாள். "பயப்பட இங்க யாரு இருக்கா?" என்றேன். அவள் சிரித்தாள். போன பிறகு எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

லாயத்து விளக்கு தானாக எரிந்து தானாக அணையும்படி வைத்தது. காலி லாயத்துக்கு இன்னும் எரிகிறது. போய் நிறுத்த என்னால் முடியவில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அவன் உள்ளே இருப்பதுபோலவே இருக்கிறது.

வெல்டா


டெக்கோரா
பிப்ரவரி 17, 2013

அன்புள்ள வெல்டா,

பிரித்துக் கட்டிப் பார்த்தேன். சாப்பிட மறுத்தான். மறுபடி திறந்துவிட்டேன். இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

இப்போது அவனைப் பார்த்தால் உனக்கு மயக்கம் வரும். விரல் புதைகிற அளவு ரோமம். குளம்பு சீவ வந்த டெல்பர்ட், "யோவ் ஓரின், குதிரைன்னு சொல்லிக் கூப்பிட்டுட்டு கரடிக்குட்டிய நிறுத்தியிருக்க?" என்றான். ஆனால் குளம்பைத் தூக்கிப் பார்த்து, "வெல்டா வளர்த்ததுன்னு இதுலயே தெரியுது" என்றும் சொன்னான். குளம்பையும் பல்லையும் நான் விட்டுவிடவில்லை. வீட்டுக் குதிரைக்கும் அது வேண்டியதுதானே.

மூக்கு மயிரை மழிக்கவில்லை. நல்ல மீசை முளைத்திருக்கிறது. இருட்டில் என் கையில் ஆப்பிள் எங்கே என்று அந்த மீசையால்தான் தடவிக் கண்டுபிடிக்கிறான். குதிரைக்கு மூக்குக்குக் கீழே கண் தெரியாது என்பதை இவ்வளவு வயதுக்கு மேல் கற்றுக்கொண்டேன்.

மத்தியானம் அவனும் பிஸ்கட்டும் எதிரெதிராக நின்று ஒருவர் முதுகை ஒருவர் பல்லால் சொறிந்துவிடுகிறார்கள். நான் சமையலறையில் நின்றே சூப்பைக் குடித்துக்கொண்டு அதைப் பார்க்கிறேன். இங்கே வந்ததிலிருந்து நான் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஒருவனுக்காக மேசையைத் துடைப்பானேன்?

அவனை இங்கேயே விட்டுவிடேன், வெல்டா. கெஞ்சித்தான் கேட்கிறேன்.

ஓரின்


செடேலியா
ஏப்ரல் 8, 2013

ஓரின்,

முடியாது.

நீ கேட்பது ஒரு குதிரையை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். காலையில் எழுந்ததும் எனக்கு ஒரு வேலை இருக்கிறது என்றால் அது அவன்தான். அவனும் இல்லாவிட்டால் நான் எதற்காகப் படுக்கையை விட்டு எழ வேண்டும், நூடுல்ஸ் பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுக்கவா?

டாக்டர் கார் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். 27ஆம் தேதி சனிக்கிழமை டிரெய்லரோடு வருகிறேன். அதற்குள் ரோமம் முழுவதும் மழித்து, குளிப்பாட்டி வை.

இன்னொன்று. இதையாவது கேள். இளம் புல் வருகிற காலம். சின்னக் குதிரைக்கு அது சர்க்கரை மாதிரி, குளம்பை உள்ளிருந்தே அழித்துவிடும். பாசத்தில் புல்வெளியில் விட்டுவிடாதே.

வெல்டா


டெக்கோரா
ஏப்ரல் 15, 2013

அன்புள்ள வெல்டா,

புல் விஷயத்தில் உன் பேச்சைக் கேட்டேன். இருவரையும் மண் முற்றத்தில்தான் வைத்திருக்கிறேன். பக்கத்துப் பண்ணைக்காரர் கேட்கவில்லை. அவருடைய மட்டக்குதிரை இப்போது நடக்கவே முடியாமல் படுத்திருக்கிறது. உனக்கு நன்றி.

ரோமத்தை மழிக்கவில்லை. காலையில் இன்னும் வாளித் தண்ணீர் மேலே பனி கட்டுகிறது. அந்த ரோமக் கோட்டைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை. மிஷினைக் கொண்டுவந்து நீயே மழித்துக்கொள். நான் தடுக்க மாட்டேன், அவன் உன்னுடையவன்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இரு. பன்றிக்கறி ஹாமும் உருளைக்கிழங்கும் செய்கிறேன். மேசையைத் துடைத்து வைக்கிறேன்.

ஓரின்


செடேலியா
ஏப்ரல் 28, 2013

அன்புள்ள ஓரின்,

வேலிக் கதவில் தொங்குகிற முகவாரைப் பார்த்திருப்பாய். வெள்ளிச் சங்கிலி போட்ட, போட்டிக்கு மட்டும் மாட்டுகிற அதே முகவார்தான். மத்தியானத்துக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டேன். உன் லாரியைக் காணோம். ஹாம் வாங்கப் போயிருப்பாய்.

வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். நீ எழுதியபடியேதான் இருந்தார்கள், முதுகு சொறிந்துகொண்டு, மேலெல்லாம் சேறு. எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அப்போது என் கையில் சங்கிலி லேசாகக் குலுங்கியது.

அவன் அவளை விட்டு விலகினான். நேராக என் முன்னால் வந்து நான்கு கால்களையும் சதுரமாக ஊன்றி, கழுத்தை நீட்டி, காதை முன்னால் வைத்து நின்றான். நடுவர் முன்னால் நிற்கிறபடியே. நான் நிற்கச் சொல்லவே இல்லை. சேற்றில், கரடி ரோமத்தோடு, அசையாமல் நின்றான். என்னைப் பார்த்தால் அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"போதும்டா, விடு" என்றேன். நான் போதும் என்று சொல்லி அவன் கேட்டதே இல்லையே, அதனால் புரியவில்லை. நின்றுகொண்டே இருந்தான்.

நீயும் இப்படித்தான், ஓரின். நான் அறைக்குள் வந்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்வாய். எனக்கு அது மரியாதை என்றே தோன்றியது.

முகவாரைச் சங்கிலியோடு வேலிக் கதவில் மாட்டிவிட்டு உள்ளே போனேன். இந்த இடுப்போடு தரையில் உட்கார முடியாது, உன் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு காலைத் தளர்த்தினான். பிறகு தலையைத் தொங்கவிட்டான். பிறகு வந்து அந்த மீசையால் என் முகத்தைத் தடவிப் பார்த்தான். நெற்றி, கன்னம், வாய். நான் யார் என்று புதிதாகத் தேடுகிறவன்போல. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீ வரும்வரை இருந்திருக்கலாம். இருந்திருந்தால் நீ வாசலில் நிமிர்ந்து நின்றிருப்பாய். அதை நான் பார்க்க வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன். ஹாம் வீணாகியிருக்காது என்று நினைக்கிறேன். மேசையில் உட்கார்ந்தே சாப்பிடு.

காலி டிரெய்லர் வழியெல்லாம் கடகடவென்று சத்தம் போட்டது. வீட்டுக்கு வந்தபோது லாயத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊன்றுகோலை ஊன்றிப் போய் அதை நிறுத்தினேன். இப்போது சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, கண்ணாடியில் என் முகம்தான் தெரிகிறது.

அவனைப் பற்றி எழுது. பீன்ஸ் என்றே எழுது.

வெல்டா