கிளட்ச் மேல் போட்ட பழி

அம்மா,

உன்னை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். உன் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேரில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய்.

பஸ் ஓட்டும்போது அடிவயிறு வலித்தால், "கிளட்ச் டைட்டா இருக்கு" என்பாய். டிப்போ மெக்கானிக் அதை நம்பி இரண்டு தடவை கிளட்சை மாற்றினார். "இனிமே உங்க காலைத்தான் மாத்தணும்க்கா" என்றார். எலும்பு டாக்டரும் கால்வலி என்று நீ சொன்னதை நம்பித் தைலம் எழுதிக் கொடுத்தார்.

இன்று காலை இந்த டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சிசேரியன் தழும்பு உள்ளேயும் இருக்கும்மா. ஆறும்போது கர்ப்பப்பையும் குடலும் அதுல ஒட்டியிருக்கலாம். கிளட்சை மிதிச்சா அது இழுக்கும். ஸ்கேன்ல கண்டிப்பா தெரியும்னு சொல்ல முடியாது. எப்ப இருந்து வலி?"

நீ என்னைப் பார்த்தாய். "ஒரு வருஷமா இருக்கும் டாக்டர். சரியா ஞாபகமில்லை."

எந்த நிறுத்தத்தில் யார் ஏறுவார்கள் என்பதைக்கூட மறக்காதவள் நீ.

பெரியம்மா என்னிடம் எப்போதோ சொல்லிவிட்டாள். நான் பிறந்ததிலிருந்தே வலி. எனக்கு மூக்கடைத்தாலே தெருவுக்குத் தெரிந்துவிடும். நீ இத்தனை வருடம் அதோடு வண்டி ஓட்டியிருக்கிறாய். எவ்வளவு கோபத்திலும் "உன்னாலதான்" என்று ஒரு வார்த்தை வந்ததில்லை. எப்படி முடிந்தது உன்னால்?

ஒட்டியதை அறுத்துப் பிரித்தாலும் மறுபடி ஒட்டலாமாம். அறுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய டாக்டருக்கு உண்மை வேண்டும். நீ வந்ததும் மறுபடி கேட்பார். என்னை வெளியே அனுப்பாதே. என் எதிரிலேயே சொல். எனக்கு வலிக்காது. வலித்தாலும், இது என் முறை.

உன் மகள்