மாடி வெயிலில் காய்ந்த மருந்து

அன்புள்ள என்னங்க அவர்களுக்கு,

உங்களை வேறு எப்படியும் கூப்பிட்டுப் பழக்கமில்லை, அதனால் அப்படியே எழுதிவிட்டேன். நானும் அத்தையும் நலம். கப்பலில் யாருக்கும் காய்ச்சல் இல்லையே? இந்த ஊரடங்கு முடிந்து துறைமுகத்தை எப்போது திறப்பார்கள் என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டால், கேட்டதற்கே சலித்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு அரிசி, காய்கறி கொண்டுவரும் படகில் தபாலும் ஏற்றுவார்களாம். தினமும் போனில் பேசுகிறவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று பதறாதீர்கள். நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர், ஸ்பீக்கர் என்றால் பக்கத்தில் உங்கள் அம்மா.

குழந்தை நன்றாக உதைக்கிறது. உதைக்காத நேரத்தில் எனக்கு உயிரே இல்லை. ஸ்கேனில், மாதத்துக்கு மீறிய எடை என்றார்கள். இன்சுலின் அளவைக் கூட்டிக் கூட்டிப் போட்டும் என் சர்க்கரை இறங்கவில்லை. இப்படியே போனால் நாள் நிறையும் முன்பே குழந்தையை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னது உங்களுக்கும் தெரியும். அதற்கு நீங்கள், "கொஞ்ச நாளைக்கு வாயக் கட்டக்கூடாதா?" என்றீர்கள். அத்தை பிஸ்கட் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். என் வாயை மோந்து பார்க்காத குறைதான். திருட்டுத்தனமாக ஒரு வாய்கூடத் தின்னவில்லை, சத்தியமாக. ஆனால் எல்லோரும் சொல்லச் சொல்ல, தூக்கத்தில் எழுந்துபோய்த் தின்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

போன வாரம் அத்தை கடைக்குப் போயிருந்தார். எனக்கு இப்போதெல்லாம் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது. படியேறக்கூடாது என்று அவர் போட்ட கட்டளையை மீறி, கைப்பிடியைப் பிடித்தபடி மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். அங்கே வெள்ளைத் துணியில் தக்காளி, வெங்காயம், சோப்புக்கட்டி, பால் பாக்கெட்டின் கவர் எல்லாம் காய்ந்துகொண்டிருந்தன. கிருமி சாகவேண்டுமாம். நடுவில், அன்று காலை மருந்துக்கடையிலிருந்து வந்த என் இன்சுலின் குப்பிகள். தொட்டால் சுட்டது.

அங்கிருந்தே நர்ஸக்காவுக்குப் போன் செய்தேன். "வெயில்ல வெச்சா அது வெறும் தண்ணி மாதிரிதாம்மா. எல்லாத்தையும் தூக்கிப் போடு. புதுசு வாங்கினதும் இப்ப போடற அளவே போட்டுடாத, மயங்கி விழுந்துடுவ" என்று சொல்லி, போனை டாக்டரம்மாவிடம் கொடுத்தார். அவர் அளவைக் குறைத்துச் சொன்னார். இதுவரை வந்த ஒவ்வொரு மருந்துப் பையும் நாள் முழுக்க மாடியில் கிடந்துவிட்டுத்தான் ஃபிரிட்ஜுக்குள் போயிருக்கிறது.

அத்தையிடம் நான் சொல்லவில்லை. "டாக்டர் மருந்த மாத்திட்டாங்க அத்தை, இது வந்ததுமே ஃபிரிட்ஜுல வெச்சுடணுமாம், டப்பாவ மட்டும் தொடச்சா போதுமாம்" என்று சமாளித்துவிட்டேன். சர்க்கரை இறங்க ஆரம்பித்துவிட்டது. முந்தாநாள் அவர் உங்களிடம், "பூட்டுப் போட்டேன், சுகர் எறங்கிடுச்சு பாத்தியா" என்று பெருமையடித்தாரே, அது இந்தக் கதைதான். நீங்களும் உடனே, "அம்மா சொல்றதக் கேட்டா எல்லாம் சரியா வரும்" என்று எனக்குப் புத்தி சொன்னீர்கள். பக்கத்தில் இருந்திருந்தால் தலையில் நறுக்கென்று குட்டியிருப்பேன்.

ஆனாலும் அவரிடம் நீங்கள் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. எனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததிலிருந்து அவரும் காபியில் சர்க்கரை போடுவதில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிக்கிறார். தன் கையால்தான் இப்படி ஆனது என்று தெரிந்தால் தாங்கமாட்டார். நாளைக்கு மறுபடியும் ஸ்கேன். கூட ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். அக்கா வருகிறேன் என்றாள். அத்தையே வரட்டும் என்று சொல்லிவிட்டேன். எடை பற்றி என்ன சொல்வார்களோ. இது உங்கள் கைக்கு வரும்போது அது தெரிந்திருக்கும்.

நீங்கள் மன்னிப்பெல்லாம் கேட்கவேண்டாம், ஸ்பீக்கரில் எப்படிக் கேட்பீர்கள்? அடுத்த முறை பேசும்போது, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேளுங்கள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்காதீர்கள். எனக்குப் புரிந்துவிடும்.

நீங்கள் நல்லபடியாக வீடு வந்து சேரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும்,
உங்கள் பிள்ளையின் அம்மா